கடற்கப்பலும் தேயிலைத் தோட்டமும்: இணையத் தொடர்பு பற்றி ஒரு விளக்கம்

மலைநாட்டு மாணவரும் ஆசிரியரும் படிக்கும் விழா மலரொன்றிற் கடலைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமோ என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். அட்டன், நுவரெலியாப் பகுதிகளிற் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குக் கடல் தூரத்துப் பொருள். நம் தாய்மார் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறுகின்றது என்பதற்கு மேல் அதனோடு நமக்குள்ள உறவு சிறிதே. ஆயினும் ஒரு விடயத்திற் கடலோடியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே நிலையில் உள்ளனர். இருவரும் தாம் தொழில் செய்யும் இடத்திலேயே வாழ்கின்றனர். அவ்விடம் இருவருக்குமே சொந்தமன்று. கப்பலில் எவ்வசதி உண்டு, எது இல்லை என்பதைக் கப்பற் சொந்தக்காரர் தீர்மானிப்பர். லயத்திலே எவ்வசதி உண்டு, எது இல்லை என்பதை நெடுங்காலம் தோட்ட நிருவாகமே தீர்மானித்து வந்தது.

வெளியுலகோடு பேசும் வழியும் அவ்வசதிகளுள் ஒன்றாகும். இன்று அவ்வழி இணையம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பரீட்சைப் பெறுபேறு அறிவதற்கும், வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதற்கும், வங்கிக் கணக்குப் பார்ப்பதற்கும், வெளிநாட்டில் உழைக்கும் மகளின் முகத்தைக் காண்பதற்கும் அதுவே வாயில். கடலில் உள்ளோர்க்கு இவ்வாயிலைத் தாங்கக்கூடிய விலையில் திறந்து வைப்பதற்கு உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று, அண்மையிற் பெருமளவு வெற்றியும் கண்டுள்ளது. அலை எட்டாத இடத்துக்கு அலை எவ்வாறு எட்டிற்று, எட்டிய அலையின் விலை எவ்வாறு இறங்கிற்று, அவ்வரலாற்றில் மலைநாட்டவராகிய நமக்குரிய பாடம் யாது என்னும் மூன்றையும் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை ஏன் எட்டுவதில்லை

கைத்தொலைபேசிக்குரிய வானொலி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வன. பூமியோ உருண்டை. ஆதலால் கோபுரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் அலை ஓர் எல்லைக்கு அப்பால் பூமியின் வளைவினால் மறைக்கப்படும். அவ்வெல்லையை வானொலி அடிவானம் என்பர். அதனைக் கணிக்கும் முறை எளிது: கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால், அடிவானத் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். கரையோரத்தில் 49 மீற்றர் உயரமான கோபுரம் ஒன்று நின்றால், வர்க்கமூலம் 7. அடிவானம் ஏறத்தாழ 29 கிலோமீற்றர். படகில் 4 மீற்றர் உயரத்தில் அலைவாங்கி ஒன்றைப் பொருத்தின் இன்னும் 8 கிலோமீற்றர் சேரும். ஆக 37 கிலோமீற்றர். பல நாட் பயணமாக ஆழ்கடலுக்குச் செல்லும் நம் நாட்டு மீன்பிடிப் படகுகளோ கரையிலிருந்து பல நூறு கிலோமீற்றர் செல்கின்றன. கண்டத்திலிருந்து கண்டத்துக்குச் செல்லும் சரக்குக் கப்பலைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. நடுக்கடலிற் கோபுரம் நாட்டுவாரும் இல்லை. விந்தை யாதெனில், உலகின் இணையச் செய்திகளிற் பெரும்பகுதி கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழை வடங்கள் வழியாகவே செல்கின்றது. இலங்கைக்கு வரும் வடங்களுள் ஒன்று மாத்தறையிற் கரையேறுகிறது. அவ்வடத்துக்கு மேலாகச் செல்லும் கப்பலிலுள்ள மாலுமிக்கு அதனாற் பயன் யாதும் இல்லை.

மலைநாட்டிலே தடை வேறு வகையினது. இங்கு பூமியின் வளைவுக்கு முன்னரே மலையின் முதுகு அலையை மறித்து விடுகின்றது. மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற பள்ளத்தாக்குகளை நோக்குவோம். ஒரு மலைமுடியில் நிற்கும் கோபுரம் எதிர்ச்சாரலுக்கு நன்றாக ஒலிபரப்பும். தன் காலடியில், மடிப்புக்குள்ளே ஒதுங்கிய லயத்துக்கு அதன் அலை செல்லாது. இதனாலேயே ஒரு தோட்டத்தின் மேற்கணக்கில் தெளிவாகப் பேசும் தொலைபேசி, கீழ்க்கணக்கில் மௌனமாகின்றது. இந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. 1982 இல் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் உச்சியிலிருந்தே ஒளிபரப்பு நாட்டுக்குப் பரவிற்று. கடல்மட்டத்தை நோக்கிக் கணக்கிட்டால் அச்சிகரத்தின் வானொலி அடிவானம் 200 கிலோமீற்றருக்கு மேலாகும். அத்தகைய உயரங்களை உடைய நாட்டிலே பள்ளங்கள் இருளில் இருக்கின்றன. உயரம் நமக்குத் தடையாகவும் துணையாகவும் இருத்தலை வாசகர் மனத்திற் கொள்வாராக. இதனைப் பின்னரும் எடுத்துரைப்போம்.

கப்பலிற் செய்தியின் விலை

கடலோடு முதன்முதற் பேசியது மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி. 1901 டிசம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஒரு சமிக்ஞையை அவர் பெற்றார். பத்தாண்டுகளுள் பெருங் கப்பல்களில் அக்கருவி இடம்பெற்றது. ஆனால் அது அங்கே வைக்கப்பட்டது பெரிதும் செல்வர்களான பிரயாணிகளின் செய்தி வியாபாரத்துக்காகவே. தைத்தானிக் கப்பலிலிருந்து கரைக்குத் தந்தி அனுப்ப முதற் பத்துச் சொற்களுக்கு 12 சிலிங் 6 பென்சும், மேலதிகச் சொல் ஒவ்வொன்றுக்கும் 9 பென்சும் அறவிட்டனர். கீழ்த்தளத்திற் கரியள்ளிய தொழிலாளிக்கு அது எட்டாக் கனி.

1912 ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு அக்கப்பல் பனிமலையில் மோதிற்று. அதன் அபாய அழைப்பைக் கேட்டு விரைந்த கார்ப்பாத்தியா என்னும் கப்பல் எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. அதனினும் அண்மையில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் தம் கடமை நேரம் முடிந்து உறங்கச் சென்றிருந்தமையால் அழைப்பைக் கேட்டிலர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். 1914 இல் இலண்டனிற் கூடிய சருவதேச மாநாடு, பெரிய கப்பல்களில் இரவு பகல் எந்நேரமும் தந்திக் காவல் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. உலகப் போர் மூண்டமையால் அவ்வுடன்படிக்கை முறைப்படி நடைமுறைக்கு வராவிடினும், அதன் கொள்கை பின்வந்த உடன்படிக்கைகளில் நிலைத்துவிட்டது. கடலில் தகவற்றொடர்பு உயிர்காக்கும் கருவி என்பதைச் சட்டம் இவ்வாறு ஏற்றது. ஆயினும் மாலுமி தன் வீட்டாரோடு பேசுவதும் ஒரு தேவை என்பதைச் சட்டம் ஏற்பதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

வானத்தில் வைத்த கோபுரம்

நடுக்கடலிற் கோபுரம் நாட்ட இயலாதாயின் வானத்தில் நாட்டலாமே என்ற எண்ணத்தைத் தெளிவாக எழுதி வெளியிட்டவர் ஆர்தர் சி. கிளாக். 1945 ஒக்டோபரில் ஆங்கில வானொலிச் சஞ்சிகை ஒன்றில் அவர் அக்கட்டுரையை எழுதினார். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தமையால் அவரை நம்மவர் என உரிமை பாராட்டலாம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதி, பூமி தன்னைத்தானே சுற்றும் அதே காலத்தில் ஒருமுறை சுற்றும். ஆகவே கீழிருந்து நோக்குவோர்க்கு அது அசையாது நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் துருவப் பகுதிகள் நீங்கலாக உலகமனைத்தையும் நோக்கும்.

இக்கொள்கையைக் கொண்டு கப்பல்களுக்குச் சேவை செய்வதற்கென 1979 இல் இன்மார்சாற் என்னும் நிறுவனத்தைப் பல நாட்டு அரசாங்கங்கள் கூடி நிறுவின. 1999 பெப்ரவரி 1 ஆம் நாள் தொடக்கம் செய்மதியையும் தானியங்கிக் கருவிகளையும் அடிப்படையாகக் கொண்ட அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்சுக் குறியீடு கடலிலிருந்து ஓய்வு பெற்றது.

ஆயினும் இம்முறையில் இரு குறைகள் இருந்தன. ஒன்று தாமதம். செய்தி மேலே சென்று கீழே வர 71,000 கிலோமீற்றருக்கு மேற் செல்லவேண்டும்; ஒளியின் வேகத்திலும் அதற்கு ஏறத்தாழக் காற்செக்கன் ஆகும். வினாவுக்கு விடை திரும்ப அரைச் செக்கன். பேசுவோர் இருவரும் ஒருவர் சொல்லில் மற்றவர் இடறுவர். மற்றது விலை. செய்மதித் தொலைபேசியில் ஒரு நிமிடத்துக்குப் பல டொலர் கொடுத்த காலம் உண்டு. மாலுமிகள் துறைமுகம் வந்து சேரும்வரை காத்திருந்து, கரையிலுள்ள நலன்புரி நிலையத்துக்கு ஓடிச் சென்றே வீட்டாரோடு பேசினர்.

அண்மையில் தோன்றிய தாழ்பாதைச் செய்மதிகள் இவ்விரு குறைகளையும் பெரிதும் நீக்கின. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுவன ஆகையால் ஏறியிறங்கும் தூரத்துக்குரிய காலம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் நாலு பங்கும் இல்லை. ஆனால் தாழ்வாக உள்ள செய்மதி நிற்காது. ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்திற் பூமியைச் சுற்றிவிடும். ஒன்று மறையும்போது அடுத்தது தோன்றவேண்டும் ஆதலின் ஆயிரக்கணக்கான செய்மதிகள் தேவை. ஸ்ரார்லிங் நிறுவனம் தன் முதல் அறுபது செய்மதிகளை 2019 மே மாதத்தில் ஏவிற்று. 2022 யூலையிற் கப்பல்களுக்கான சேவையை அறிவித்தபோது மாதக் கட்டணம் 5,000 டொலர். கருவிகளின் விலை 10,000 டொலர். அடுத்த ஆண்டிலேயே, குறைந்த அளவு பயன்படுத்துவோர்க்கென மாதம் சில நூறு டொலருக்குக் கிடைக்கும் திட்டங்கள் வந்தன. இருபது இருபத்தைந்து பேர் பணிபுரியும் கப்பலில் அத்தொகையைப் பங்கிட்டால் ஆளுக்கு விழுவது சிறு பணமே. பாய்மரத்தின் உச்சியில் ஒரே ஒரு வாங்கி. கீழே இரும்புச் சுவர்கள் அலையை மறிப்பதால் அறைதோறும் வடமிழுத்துச் சிறு ஒலிபரப்பிகள். ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு: இதுவே கப்பலின் ஏற்பாடு.

விலை தாங்காதபோது நேர்ந்தது

மலிவான தொடர்பு இல்லாமை மாலுமியின் மனத்துயரோடு நிற்பதன்று என்பதை மொரீசியசு நாட்டார் நன்கு அறிவர். 2020 யூலை 25 ஆம் நாள் வக்காசியோ என்னும் பெருங் கப்பல் அத்தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பவளப்பாரில் ஏறிற்று. ஏறத்தாழ 1,000 தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. கப்பலை வாடகைக்குப் பெற்றிருந்த யப்பானிய நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை காரணத்தை ஆராய்ந்தது. முதலிற் கரையிலிருந்து 22 கடல்மைல் தூரத்திற் செல்லத் திட்டமிடப்பட்டிருந்த கப்பல், கைத்தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் எல்லைக்குள் வருவதற்காக 5 கடல்மைலுக்கும், பின்னர் 2 கடல்மைலுக்கும் நெருங்கிற்று என அது கூறிற்று. தகுந்த கடற்படம் இன்றி அவ்வளவு நெருங்கியது பெரும் பிழை. எனினும் வீட்டாரோடு பேசும் வேட்கை இத்துணை ஆபத்தான வழியிற் கப்பலைச் செலுத்தக் காரணமானது என்பதை உலகம் கவனித்தது.

அதே காலத்திற் கொவிட் தொற்று நோயினால் ஏறத்தாழ நாலு இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களிற் சிறைப்பட்டிருந்தனர். வீட்டில் மரணம் நிகழ்ந்தும் குரல் கேட்க இயலாதோர் அவருள் இருந்தனர். இந்நிலைமைகளைக் கண்ட சருவதேசத் தொழில் நிறுவனம், 2006 ஆம் ஆண்டின் கடற்றொழில் உடன்படிக்கையை 2022 யூனிற் திருத்திற்று. திருத்தம் 2024 டிசம்பர் 23 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் உணவு, உறைவிடம், பொழுதுபோக்கு ஆகியவற்றோடு சமூகத் தொடர்பு வசதியும் மாலுமியின் நலனுக்குரியது என அது கொள்கின்றது. இயன்றவிடத்தெல்லாம் இணையம் அளிக்கப்படல் வேண்டும்; கட்டணம் அறவிடின் அது நியாயமான அளவினதாக இருத்தல் வேண்டும்; துறைமுகங்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்று வழிகாட்டுகின்றது. இலங்கை 2017 இல் அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடு.

இச்சட்டத்துக்கு வெளியே நிற்போரும் உளர். மீன்பிடிப் படகுகளுக்கு அவ்வுடன்படிக்கை பொருந்தாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் வெளியிட்ட எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பின்னர் இந்திய அரசாங்கம், செய்மதி வழியே சிறு செய்திகளை இருபுறமும் அனுப்பவல்ல ஒரு இலட்சம் கருவிகளைப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஓகத்தில் தொடக்கிவைத்தது. கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர் வேறொரு வழியிற் சென்றனர். கரையிலுள்ள உயர்ந்த கோபுரத்திலிருந்து வைபை அலையைக் கடலை நோக்கிச் செலுத்தி, படகு எப்பக்கம் திரும்பினும் கரையையே நோக்கவல்ல அலைவாங்கியைப் படகில் வைத்து, அப்படகின் மூலம் அயற்படகுகளுக்கும் இணையத்தைப் பகிர்ந்து, கரையிலிருந்து 40 கிலோமீற்றருக்கு அப்பாலும் தொடர்பை நிலைநாட்டினர். செய்மதியின்றி, மலிவான கருவிகளால் இது இயன்றது என்பது கவனிக்கத் தக்கது.

மலைக்கு வந்த வழிகள்

இனி நம் மலைக்கு வருவோம். ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துராவிலே தேயிலை பயிரிட்ட பின் இம்மலைகளின் முகம் மாறிற்று. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் வந்தடைந்தது. தந்தியும் தொலைபேசியும் தொடர்ந்தன. இவையனைத்தும் விளைபொருளைக் கொழும்புக்கு அனுப்புவதற்கும் விலைச் செய்தியைத் துரைமாருக்குக் கொணர்வதற்கும் வந்தவை. தொழிலாளிக்கு வந்த கடிதம் தப்பால்காரரின் பையிலேறித் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்தே லயத்தை அடைந்தது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமையால் நேர்முகப் பரீட்சைக் கடிதம் காலந்தாழ்ந்து கிடைத்து வாய்ப்பிழந்த கதைகளை நம் பழைய மாணவர் பலர் அறிவர். தைத்தானிக்கின் தந்திக் கருவியைப் போலவே இங்கும் கருவி இருந்தது; அது யாருக்காக இருந்தது என்பதே கேள்வி.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது இக்கேள்வி கூர்மையுற்றது. அலை தேடி மாணவர் மலைமுகடுகளிலும் பாறைகளிலும் ஏறினர். போகிட்டியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகள் பாறையுச்சியில் அமர்ந்து பாடங்கேட்ட செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தோட்டப் பகுதிகளில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தியதும், தகப்பனார் வேலை முடிந்து திரும்பிய பின்னரே அத்தொலைபேசி கைக்கு வந்ததும் செய்தித்தாளுக்கு எட்டாத செய்திகள். குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்து வெளியிடும் கணினி அறிவுக் கணிப்பீடுகளிற் தோட்டம் கடைசியிலேயே நின்று வருகிறது.

கோபுரம் இல்லாத கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் அரசாங்கத் திட்டமொன்று அக்காலத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கப்பட்டது. 2024 ஓகத்தில் ஸ்ரார்லிங் நிறுவனத்துக்கு இந்நாட்டில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டு, 2025 யூலையிற் சேவை தொடங்கிற்று. ஆகவே இன்று அலை எட்டாத தோட்டம் என ஒன்று இல்லை. திறந்த வானம் தெரியும் எவ்விடத்திலும் இணையம் பெறலாம். எஞ்சியிருப்பது விலை.

அவ்விலையைச் சற்றுக் கணக்கிடுவோம். தொடக்கத்தில் வீடுகளுக்கான மாதக் கட்டணம் ஏறத்தாழ 12,000 ரூபா முதல் 15,000 ரூபா வரை. கருவியின் விலை ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல். அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. குறைந்த கட்டணத்தையே எடுப்பினும் ஏறக்குறைய ஒன்பது நாட் கூலி இணையத்துக்கே சென்றுவிடும். அரிசிக்கும் மாவுக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் அல்லாடும் குடும்பத்துக்கு அது நடவாத காரியம். ஆனால் அதே 12,000 ரூபாவை இருபது வீடுகள் பங்கிட்டால் வீடொன்றுக்கு 600 ரூபா. அரை நாட் கூலியிலும் குறைவு. செக்கனுக்கு 100 மெகாபிற் வரும் இணைப்பை இருபது வீடுகள் ஒரே நேரத்திற் பயன்படுத்தினும் வீட்டுக்கு 5 மெகாபிற் கிடைக்கும். வகுப்பொன்றைப் படத்தோடு காண்பதற்கு ஒன்று இரண்டு போதும். கப்பல் செய்தது இதுவே. தனித்தனி மாலுமி தனித்தனிச் செய்மதி வாங்கி வைத்திருக்கவில்லை.

மலை தரும் துணை

கப்பலுக்கு இல்லாத ஒரு வசதியும் நமக்கு உண்டு. முன்னர் கூறிய உயரமே அது. ஒன்றையொன்று நேரே நோக்கும் இரு மலைமுடிகளுக்கிடையே சாதாரண வைபை அலையே வெகுதூரம் செல்லும். வெனிசுவெலாவின் மலைகளில் 2007 இல் 382 கிலோமீற்றர் தூரத்துக்கு அவ்விணைப்பு நிறுவப்பட்டது. நமக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. ஒரு முகட்டிலிருந்து எதிர்ச் சாரலுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் சென்றாற் போதும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் நிறுவிய சிறு நிலையங்களைக் கலிபோர்னியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழக ஆய்வாளரின் துணையுடன் நீள்தூர வைபையால் இணைத்தது. கிராமத்து நோயாளி நகரத்து வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசினார். அங்கு தீர்க்கப்பட்ட விஞ்ஞானச் சிக்கலொன்று அறியத்தக்கது. வைபைக் கருவி ஒரு பொதியை அனுப்பிய பின், கிடைத்தது என்னும் மறுமொழிக்காகச் சிறிது நேரமே காத்திருக்கும். வீட்டுக்குள் அக்காலம் போதும். பல கிலோமீற்றர் சென்று திரும்பும்போது மறுமொழி பிந்துவதால், பொதி தொலைந்ததென எண்ணிக் கருவி மீண்டும் மீண்டும் அதனையே அனுப்பும்; வழி அடைபடும். ஆய்வாளர் அம்முறையைத் திருத்தி, இருமுனைகளும் முறைவைத்துப் பேசுமாறு செய்தனர். இமயமலைச் சாரலில் தர்மசாலா நகரைச் சூழவும் இத்தகைய இணைப்புகளாற் பள்ளிகளும் மடங்களும் இணைக்கப்பட்டன.

தோட்டமொன்றில் இவ்வேற்பாடு எவ்வாறு அமையலாம்? வடமோ கோபுரமோ செய்மதியோ எது மலிவாக எட்டுகின்றதோ அதனைப் பாடசாலைக்கோ, பிள்ளைக் காம்பராவுக்கோ, தொழிற்சாலைக்கோ முதலிற் கொணர வேண்டும். அங்கிருந்து முகட்டில் நாட்டிய சிறு கம்பத்தின் மூலம் லயங்களை நோக்கி அலையைத் திருப்ப வேண்டும். கம்பத்துக்குச் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் வேண்டும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமின்னலுக்கு இடிதாங்கி இன்றியமையாதது. பழுது பார்க்கத் தோட்டத்து இளைஞர் இருவரைப் பயிற்றவேண்டும்; இவரின்றேல் எவ்வளவு நல்ல கருவியும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நில்லாது. தனிவீட்டுக்கென விற்கப்படும் இணைப்பைப் பலவீடுகளுக்குப் பகிர்வது நிறுவனங்களின் நிபந்தனைகளுக்கு மாறாகலாம். 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமும் தேவைப்படலாம். ஆதலாற் கூட்டுறவுச் சங்கம் போன்ற ஓர் அமைப்பின் பெயரில், முறையான சமூக இணைப்பாக இதனைப் பெறுதலே தக்கது.

யார் பொறுப்பு

இதற்குச் சிலர் தடை கூறுவர். இணையம் கிடைத்தால் இளைஞர் வீண்பொழுது போக்குவர் என்பது ஒன்று. நகரத்து இளைஞரும் வீண்பொழுது போக்குகின்றனர். அதற்காக நகரத்தின் இணையத்தை யாரும் அறுப்பதில்லை. தோட்டக் கம்பனிகள் கூலியையே கொடுக்கத் திணறும்போது இணையத்தையும் கொடுக்க வேண்டுமோ என்பது மற்றொன்று. இது சிந்திக்கத்தக்க தடை. கப்பற் கம்பனிகளும் இதனையே கூறின. ஆனால் மாலுமி கப்பலை விட்டு வேறெங்கும் சென்று தொடர்பு பெற இயலாதவன். ஆகவே இடத்தை ஆள்பவர்க்கே பொறுப்பில் ஒரு பங்கு உண்டு என்று சட்டம் முடிவு செய்தது. முழுச் செலவையும் அவரே ஏற்கவேண்டும் என அது கூறவில்லை. கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும் என்றே கூறிற்று.

தோட்டத் தொழிலாளர்க்கும் சருவதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. அது 1958 இல் நிறைவேறியது. இலங்கை 1995 இல் அதனை ஏற்றது. கூலி, விடுமுறை, வீட்டு வசதி, வைத்தியம், மகப்பேறு ஆகியவற்றைப் பற்றி அது விரிவாகக் கூறுகின்றது. தகவற்றொடர்பு பற்றி அதில் ஒன்றும் இல்லை. 1958 இல் அது குற்றமன்று. மாலுமிக்குரிய உடன்படிக்கை காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்குரியது அவ்வாறு திருத்தப்படவில்லை. தொழிற்சங்கத்தாரும் சட்டம் பயின்ற நம் பழைய மாணவரும் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் வேண்டும். கம்பம் நாட்ட நிலமும், தொழிற்சாலையிலிருந்து சிறிது மின்சாரமும், கந்தோரிலுள்ள இணைப்பில் ஒரு பங்கும் தருவது எந்நிருவாகத்தையும் வறியதாக்காது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயல் இவ்விடயத்தின் பாரத்தை நமக்கு உணர்த்திச் சென்றது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன. பாதை அடைபட்டு, மின்சாரம் நின்று, தொலைபேசி மௌனமாகிய நாட்களிற் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த நம்மவர், தாய்தந்தையர் உயிரோடு உள்ளனரா என்று அறியாமற் தவித்தனர். எந்தச் சாரல் சரியும் அபாயத்தில் உள்ளது என்னும் எச்சரிக்கையும் உரியவரை எட்டவேண்டும். கடலில் இரவு முழுவதும் ஒருவர் காவலிருக்கவேண்டும் என 1914 இல் உலகம் கண்ட உண்மை மலைச்சாரலுக்கும் பொருந்தும். தோட்டந்தோறும் மின்கலத்தில் இயங்கும் ஓர் இணைப்பேனும் இருந்தால், அது வெயிற்காலத்திற் பள்ளிக்கூடமாகவும் மழைக்காலத்தில் உயிர்க்காவலாகவும் பயன்படும்.

கல்லூரியின் விழாக் காலத்திற் பழைய மாணவர் கட்டடத்துக்கும் கேடயத்துக்கும் பொருளுதவுவது மரபு. அம்மரபு வாழ்க. அதனோடு, நம் மாணவர் மிகுதியாக வந்து சேரும் தோட்டங்களுள் அலை எட்டாத ஒன்றைத் தெரிந்து, அங்கு ஒரு கூட்டு இணைப்பை நிறுவிக் காட்டுமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். பொறியியல் பயின்றோர் கம்பத்தின் இடத்தைக் குறிக்கட்டும். கணக்கியல் பயின்றோர் வரவுசெலவை வகுக்கட்டும். சட்டம் பயின்றோர் அனுமதி பெறட்டும். இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் முகடுகளில் ஏறி எந்த லயத்திலிருந்து எந்த முகடு தெரிகின்றது என்று வரைபடம் எழுதட்டும். ஒரு தோட்டத்தில் வெற்றி கண்டால், அதன் கணக்கையும் வரைபடத்தையும் அடுத்த மலரிலே வெளியிடலாம். பிற தோட்டத்தார் அதனைப் பார்த்துத் தாமும் செய்வர்.